மகளின் ரத்தத்தில் என் காவல்

கரியாலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் மூடுபனி யாரையும் கேட்காமல் வரும். விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சங்கராபுரம் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறியவள். அந்த நாட்களை இப்போது நினைத்தால், எது நடந்தது, எது பனிக்குள் நடந்தது போலத் தெரிந்தது என்று சில இடங்களில் எனக்கே பிரித்துச் சொல்ல வராது. உள்ளங்கையில் வந்த திட்டுகள் மட்டும் சந்தேகமில்லாமல் நடந்தவை.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவர் லாரி ஓட்டினார். மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவார். அங்கே வேறு லோடு கிடைத்தால் அப்படியே தொலைதூரம் போய்விடுவார். புதுப்பெண் மலையில் தனியாக இருக்கக் கூடாதென்று மாமியார் எனக்குத் துணையாக வந்திருந்தார். கணவரின் மூக்கில் ஒரு பக்கம் ஊசித்துளை தூர்ந்த தழும்பு இருக்கும். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு மூக்குக் குத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் அதை வேண்டாத பிள்ளை என்று நினைத்து விட்டுவிடுவானாம். "எமனையே ஏமாத்திட்டு வந்த ஆளு" என்று அவரைக் கிண்டல் செய்வேன். மாமியார் மட்டும் அதற்குச் சிரித்ததே இல்லை.

ஒருநாள் காலை, கரும்பலகையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் செம்புக்காசு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மார்பிலும் முதுகிலும் வந்துவிட்டது. நமைச்சல் இல்லை. லேசாகக் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தன. மாமியார் என்னை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மணல்வாரி. ஆத்தா வந்துகீறா. இனிமே இந்த வூட்டுல யாரும் கத்திப் பேசக் கூடாது."

"மணல்வாரி அம்மை எனக்குச் சின்ன வயசுலயே வந்துடுச்சு அத்தை. ஒருதரம் வந்தா மறுபடி வராது. நானே புள்ளைங்களுக்கு நடத்தறேன்."

"உன் பாடத்த ஆத்தா படிச்சாளா? அவளுக்குப் புடிச்ச வூடா இருந்தா ரெண்டாம் தரமும் வருவா."

ரத்தத்தில் வெள்ளையணுக்கள் காவல்காரர்கள், ஒருமுறை வந்த கிருமியின் முகத்தை மறக்க மாட்டார்கள் என்று அதே வாரம்தான் வகுப்பில் படம் போட்டிருந்தேன். ஆனாலும் வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. வீட்டில் தாளிப்பு நின்றது. மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. நான் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு, உள்ளே வந்து போகும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் லாரியோடு வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். ஆத்தா இருக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி பக்கம் வரக் கூடாது. தூரத்தில் உட்கார்ந்து கூழைக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். பனியில் அவருடைய கை மட்டும்தான் தெரிந்தது.

திட்டுகள் மெல்ல மங்கி, தாமாகவே மறைந்தன. வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை போட்டு மாமியார் எனக்குத் தலைக்கு ஊற்றினார். மூன்றாம் தண்ணீரோடு ஆத்தா இறங்கிவிட்டாள் என்று சொல்லி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கூழ் ஊற்றினார். மலைக்காரப் பெண்கள் குண்டான் குண்டானாக வாங்கிப் போனார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. போனது போனதுதான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு உண்டானேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் காட்டினேன். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். தூக்கம் போதாத கண்கள், சள்ளென்று விழும் வாய். மறுமுறை போனபோது, வரிசையில் இருந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், உடம்புல எப்பவாவது திட்டு வந்துச்சா? உள்ளங்கையில?"

"வந்துச்சு மேடம். மணல்வாரி. தானாப் போயிடுச்சு."

"உள்ளங்கையில காசு காசா வந்து, நமைக்காம இருந்துட்டுத் தானாப் போறது மணல்வாரியா இருக்காது. உங்களுக்கு வந்தது சிபிலிஸ். மேகநோய்னு சொல்வாங்களே, அதுல ஒண்ணு. வயித்துல இருக்கற பிள்ளைக்கும் போகும். ஊசி போடாம விட்டா பிள்ளை தங்காமப் போகலாம்."

அவமானம் முதலில் வந்ததா, பயம் முதலில் வந்ததா என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவமானம்தான். பயம் அதன் பின்னாலேயே ஓடி வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. பிறகு பல மாதங்களுக்கு அதுதான் எழுந்திருக்கவில்லை.

"கிருமியைப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டேன். அறிவியல் டீச்சராம்.

"இந்தப் பரிசோதனையில கிருமி தெரியாது. வீட்டுக்குள்ள திருடன் பூந்தா நாய் குரைக்குதில்ல? அந்தக் குரைப்புதான் எங்களுக்குக் கேக்கும். உங்க ரத்தத்துல நாய் நல்லாவே குரைக்குது."

"அப்போ அந்தத் திட்டு போச்சே?"

"நாய் விரட்டினதாலதான் போச்சு. ஆனா திருடன் வீட்டை விட்டுப் போகல. பரண்ல ஏறி ஒளிஞ்சிருக்கான்."

இந்தக் கிருமியைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சுருள். மற்ற கிருமிகளின் மேல்தோலில் காவல் அணுக்கள் பிடித்து இழுக்க ஏதாவது கிடைக்கும். இதன் மேல்தோல் ஏறக்குறைய மொழுமொழுவென்று இருக்கும். உடம்பு இதைச் சும்மா விடுவதில்லை. தோல் வாசலிலேயே சண்டை போடுகிறது. முதலில் வரும் புண்ணை அதுவே ஆற்றுகிறது, பிறகு வரும் திட்டையும் அதுவே ஆற்றுகிறது. முக்கால்வாசிக் கிருமி செத்துப்போகிறது. மிச்சம் ஒளிந்துகொள்கிறது. நம் உடம்பு பாதி ஜெயித்ததைத்தான் நாங்கள் ஆத்தா இறங்கியதாக நினைத்துக் கூழ் ஊற்றியிருக்கிறோம்.

டாக்டரம்மா அன்று அதோடு விடவில்லை. "இன்னொண்ணு கேட்டுக்குங்க. மணல்வாரி ஒருதரம் வந்தா உடம்பு மறக்காது. இது அப்படியில்ல. குணமான பிறகும் புதுசா வரும். வீட்டுக்காரருக்கும் ஊசி போட்டாகணும். வாரம் ஒண்ணுன்னு மூணு வாரம். நடுவுல நாள் தவறினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருக்கான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அன்றே முன்கையில் பென்சிலின் ஒரு சொட்டு ஏற்றி, தடிக்கிறதா என்று பார்த்தார்கள். காவலுக்கு இருப்பவர்கள் சில உடம்புகளில் மருந்தையே திருடன் என்று நினைத்துப் பாய்ந்துவிடுவார்களாம். என் கை சமர்த்தாக இருந்தது. பிறகு இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். உயிர் போய் வந்தது. "இன்னிக்கிக் காய்ச்சல் வரலாம். செத்த கிருமி கலையறப்ப உடம்பு கொதிக்கும். வயிறு இறுகினா இங்கயே இருங்க" என்று மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்.

பஸ் மலை ஏறும்போதே குளிர் எடுத்தது. வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தேன். சாயங்காலப் பனி உள்ளே வந்துவிட்டது. அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நிற்பது போல இருந்தது. ஒவ்வொருவரும் என் கைக்குள் எட்டிப் பார்த்து, "டீச்சர், இங்க ஒருத்தன் ஒளிஞ்சிக்கினு கீறான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். எங்கோ கீழே நாய்கள் குரைத்தன. அவை மலையில் குரைத்தனவா, என் உடம்புக்குள் குரைத்தனவா என்று தெரியவில்லை. வயிறு கல்லாக இறுகும், பிறகு இளகும். ஒவ்வொரு முறை இளகும்போதும் உள்ளே அது ஒரு புரள் புரளும். நான் அழுதுகொண்டே சிரித்தேனாம், மாமியார் பிறகு சொன்னார்.

அவர் ஈரத்துணியை என் நெற்றியில் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார். "ஊசி ஒத்துக்கல. ஆத்தா வந்த ஒடம்புல ஊசி குத்தலாமா? அடுத்த வாரம் நீ போவாத." பிறகு, "இன்னாதான் கேட்டாங்க அந்த டாக்டரம்மா?" என்றார்.

"உள்ளங்கையில வந்துச்சான்னு கேட்டாங்க அத்தை. அப்படி வந்திருந்தா பிள்ளை தங்காதாம். இந்த ஊசி போட்டா தங்குமாம்."

நெற்றியில் இருந்த கை நின்றுவிட்டது. எழுந்து வெளியே போனார். நெடுநேரம் உள்ளே வரவில்லை. என் மானம் போய்விட்டது, இனி இந்தம்மா என்னைத் தீண்ட மாட்டார் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

கணவர் வந்ததும் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு. கையில் கிடைத்ததை வீசினேன், நல்லவேளையாக அது முறம். அவர் குனிந்து முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி. தூர லைன்ல லோடு ஓட்டறப்ப," என்றார். "அப்புறம் ஒரு புண்ணு வந்துச்சு. வலியே இல்ல. தானா ஆறிடுச்சு. ஆறிடுச்சுன்னா சரியாப் போச்சுன்னுதானே நெனைப்போம்?"

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில், திட்டு மறைந்ததும் கூழ் ஊற்றியதில் திருப்திப்பட்டவள் நான் என்பதும் நினைவுக்கு வந்தது. "உங்களுக்கும் ஊசி உண்டு. வரலேன்னா நான் என் அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றேன். "எனக்கு இப்ப ஒண்ணும் இல்லியே" என்று இழுத்தார். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஊசிக்குப் போக வேண்டிய நாளில்தான் கீழே மரங்களை வெட்டிச் சாய்த்துச் சாலைகளை மறித்தார்கள். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் தெருவில் இறங்கியிருந்தது. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆனால் அன்றைக்கு நான் அதை நினைக்கவில்லை, சாலையில் விழுந்து கிடக்கும் புளியமரங்களை நினைத்தேன். பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் தவறப் போகிறது என்று வாசலில் நின்று கண்ணைக் கசக்கினேன். அடுத்த வாரம் நீ போகாதே என்று சொன்ன அதே மாமியார், அன்று விடிந்ததும் விடியாததுமாக மகனை எழுப்பிக் கத்தினார்.

"இன்னாடா குந்திக்கினு கீற? லாரி எதுவரைக்கும் போவுதோ போ. அப்பால தூக்கிக்கினு போ. இன்னிக்கி அவளுக்கு ஊசி போட்டே ஆவணும்."

ஆத்தா வந்த வீட்டில் கத்தக் கூடாது என்றவர் அவர். எதற்காக மாறினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கச்சிராயபாளையம் வரை லாரி போனது. அதற்கு மேல் கல் விழும் என்றார்கள். கணவர் தெரிந்த வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கி என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தச் சாலை இன்றைக்கும் என் கனவில் வருகிறது. ஒரு வண்டி கிடையாது, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. நிழல் மொத்தமும் தரையில் சரிந்து கிடந்தது. எப்போதும் அண்ணாந்து பார்த்த கிளைகள் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. புளியம்பிஞ்சு கைக்கு எட்டியது. மசக்கைக்காரிக்கு வேறு என்ன வேண்டும்? ஊசி, கிருமி, கோபம் எல்லாவற்றையும் மறந்து ஒவ்வொரு மரத்திலும் நின்று பறித்துத் தின்றேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் தின்று முடிக்கும்வரை நின்றார். அவசரப்படுத்தவில்லை.

ஒரு மரத்தடியில் சிலர் மறித்தார்கள். "எங்கங்க போறீங்க?" என்று அதட்டலாகக் கேட்டார்கள். என் வயிற்றைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "ஆஸ்பத்திரிக்கா? தூக்குங்கப்பா சைக்கிள" என்று, வெட்டியவர்களே அந்த மரத்தைத் தாண்டி எங்களைக் கரை சேர்த்தார்கள்.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். கணவர் தாமாகவே முன்கையை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவருக்குப் போட்டபோது, மலைப்பாதையில் லாரியைப் பின்பக்கமாகவே ஏற்றுகிற அந்த வீரர், "அய்யோ எம்மா" என்று போட்ட சத்தம் வெளி வாசல் வரை கேட்டது. திரும்பும்போது இரண்டு பேராலும் சைக்கிளில் உட்கார முடியவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி, மரம் மரமாக ஏறி இறங்கினோம். ஒரு மரத்தின் மேல் நின்றுகொண்டு, "மன்னிச்சுடு" என்றார். வலியில் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று யோசித்தேன். கண்ணைப் பார்த்தபோது மனசாரத்தான் என்று தெரிந்தது. மன்னித்தேனா என்றால், அன்றைக்கு இல்லை. புளியம்பிஞ்சில் ஒன்றை மட்டும் அவருக்குக் கொடுத்தேன்.

மூன்றாவது ஊசிக்குள் சாலை திறந்துவிட்டது. மாதம் நிறைந்து, கள்ளக்குறிச்சியிலேயே மகள் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். அவள் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்து, சொல்வதா வேண்டாமா என்று நிற்பதுபோல நின்றார்.

"இவ ரத்தத்துலயும் நாய் குரைக்குது டீச்சர்."

மகளை மார்போடு இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, முழுசாக் கேளுங்க. பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி அம்மா தன்னோட காவலையெல்லாம் கொடி வழியா அனுப்பி வைப்பா. பிள்ளைக்குச் சொந்தக் காவல் வர்ற வரைக்கும் அதுதான் துணை. அந்தக் காவலோட இந்தக் குரைப்பும் போயிருக்கும். இப்போ குரைக்கறது உங்க வீட்டு நாயா, இவ வீட்டு நாயான்னு இன்னிக்கிச் சொல்ல முடியாது. உங்களோடதுன்னா மாசம் போகப்போகக் கொறஞ்சு நின்னுடும். இவளோடதுன்னா ஏறும்."

"எப்படி மேடம் தெரியும்?"

"காத்திருக்கணும். தோல் உரியுதா, மூக்கு ஒழுகுதா, உள்ளங்கையில ஏதாவது வருதான்னு பாருங்க."

அந்த மாதங்கள் முழுக்க நான் ஒரே வேலையைத்தான் செய்தேன். விடிந்ததும் பனிக்குள்ளேயே மகளின் மூடிய கையை விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பேன். பிள்ளைகளின் உள்ளங்கை எப்போதும் வியர்த்துப் பஞ்சும் நூலும் சேர்ந்து கிடக்கும். இவள் கையோ நான் பிரிக்கும்போதே துடைத்து வைத்தது போல இருக்கும், லேசாக மஞ்சள் வாசனை வரும். குளிப்பாட்டிய வாசனை என்று நினைத்துக்கொள்வேன். பிறந்த பிள்ளையிடமிருந்து தாய் கொடுத்தது தீர்ந்துபோகட்டும் என்று வேண்டிக்கொள்கிற தாய் எங்காவது உண்டா? நான் வேண்டிக்கொண்டேன். கொடுத்த காவல் மொத்தமும் வற்றிப்போகட்டும், குரைப்பு நிற்கட்டும், இவள் ரத்தத்தில் நான் ஒரு துளிகூட இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று.

முதல்முறை ரத்தம் பார்த்தபோது குரைப்பு குறைந்திருந்தது. அடுத்து இன்னும் கம்மி. குப்புறக் கவிழ்ந்து, தவழப் பார்க்கிற பருவத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் இறங்கினேன். சாலையோரம் புளியமரம் நின்ற இடங்கள் வெறிச்சென்று இருந்தன. டாக்டரம்மா என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"நாய் குரைக்கல டீச்சர். நீங்க குடுத்ததெல்லாம் தீந்துபோச்சு. மணல்வாரிக்குக் குடுத்த காவலும் கூடவே கொறஞ்சிருக்கும். ஒன்பதாம் மாசம் அதுக்கு ஊசி போட்டுடுங்க. இனிமே இவ ரத்தத்துல இருக்கறது இவளோட காவல்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பாராமல் அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை என்னை விட்டு இரண்டாம் தரம் பிறந்துவிட்டது போல ஒரு ஏக்கமும் அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாசலிலேயே கேட்டார். "இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லியாம் அத்தை. சுத்தமாப் போயிடுச்சாம்."

பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மஞ்சள் அப்பிய தம் விரலால் அவள் கையை மெல்லப் பிரித்துத் துடைத்தார். நான் தினமும் செய்கிற அதே பிரிப்பு. அந்த மஞ்சள் வாசனை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலேயே எழுந்து இவர் பார்த்திருக்கிறார்.

"எனக்கும் உள்ளங்கையிலதான் வந்துச்சு," என்றார், என்னைப் பார்க்காமல். "ஆத்தான்னாங்க. தண்ணி ஊத்துனாங்க. கூழ் ஊத்துனாங்க. அப்பால பொறந்தது ஒண்ணும் தங்கல. ரொம்ப வருசம் கழிச்சு இவன் தங்கினான், மூக்கு குத்துனதாலன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். ஊசின்னு ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுங்க கையெல்லாம் எப்படி இருந்துச்சோ. நான் ஒருதரம்கூடத் தொறந்து பாக்கல, பொண்ணே."

மறுவாரம் லாரியில் அவரையும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். டாக்டரம்மா முன்கையை நீட்டச் சொன்னபோது, மாமியார் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.